நகம் வெட்டச் சொன்னதற்கா ஐந்நூறு ரூபாய்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

பெரியமேட்டில் நம் கடைக்கு வந்து பழகியவர்களுக்கு, நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது தெரியும். ரசீதில் கையெழுத்துப் போடுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு வாரமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் புறப்பட்டு, அண்ணா நகர் வழியாகச் சுற்றி, கடைசியில் என் மைத்துனர் கைப்பேசியிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. ‘பனிச்சறுக்கு பூட்ஸ் இறுக்குகிறது என்று கொண்டுபோனேன். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, போய் நகத்தை வெட்டு என்று அனுப்பிவிட்டார்’ என்பது அதன் சாரம். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் மூன்று பேர் நம் வாடிக்கையாளர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வாங்கியது உண்மை. நகத்தை வெட்டச் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் போன ஒரு மணி நேரம் மட்டும் அந்தச் செய்தியில் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிக்கெட் ஷூவுக்கு ஆணி மாற்றுவதும், பள்ளிக்கூட ஷூவைக் கட்டை கொடுத்து விரிப்பதும்தான் அப்பா காலத்திலிருந்து நம் பிழைப்பு. பனியே விழாத ஊரில் பனிச்சறுக்கு பூட்ஸுக்கு என்ன வேலை என்று பக்கத்துக் கடைக்காரர் இன்னும் கேட்கிறார். மார்கழி பிறந்தால் பனியில் சறுக்கக் காஷ்மீரின் குல்மார்குக்கும் உத்தராகண்டின் அவுலிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, திரும்பும்போது பெட்டியில் பூட்ஸையும் அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பூட்ஸ் காலைக் கடித்தால் சென்னையில் எங்கே போவார்கள்? தோல் ஷூவை விரிக்கிறவன் இதையும் விரிப்பான் என்று நம்பி ஒருவர் வந்தார். அவர் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள்.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன்.

அவர் வந்தது வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு. காலை முதல் அலுவலகத்தில் இருந்துவிட்டு நேராக வந்திருந்தார். சென்னைப் புழுக்கத்தில் மாலை ஆனால் கால் ஊதாதவர் யார்? பூட்ஸைப் போட்டுக்காட்டச் சொன்னேன். கம்பளி சாக்ஸ் ஒன்று, அதன்மேல் இன்னொன்று. உள்ளே போடும் தெர்மல் கால்சட்டையின் நுனியையும் பூட்ஸுக்குள் திணித்திருந்தார். ‘அங்கே குளிருமே’ என்றார். நியாயமான பயம்தான். ஆனால் இரண்டு சாக்ஸும் ஒரு துணி மடிப்பும் சேர்ந்தால் கால் அரை அளவு பெருத்துவிடும். காலை நெரித்து ரத்த ஓட்டத்தைக் குறைத்தால் குளிர் கூடத்தான் செய்யும்.

சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். பூட்ஸிலிருந்து லைனரை, அதாவது உள்ளே இருக்கும் மெத்தைப் பூட்ஸை, உருவி எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் வெறுங்காலை விட்டு, விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்படி நிற்கவைத்து, குதிகாலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேலேயே இடம் இருந்தது. நீளம் சரி.

அடுத்தது அகலம். நாமக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து அவருடைய கணுக்கால் எலும்பிலும் சுண்டுவிரல் மேட்டிலும் பொட்டு வைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இது பூஜை இல்லை சார், காலை மெல்ல உள்ளே விடுங்கள் என்றேன். பிளாஸ்டிக் எலும்பில் இடிக்கிற இடத்தில் வெள்ளைத் தடம் பதியும். கறுப்பு ஓட்டில் அது பளிச்சென்று தெரியும். காலை எடுத்த பிறகு இரண்டு ஓடுகளையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு கட்டைவிரலிலும் நகம் சதையைத் தாண்டி வளர்ந்திருந்தது.

ஓட்டை விரிப்பதென்றால் இடிக்கிற இடத்தைச் சூடாக்க வேண்டும். இடிக்கிற இடமே இல்லாதபோது நான் எதைச் சூடாக்குவது, சொல்லுங்கள்.

‘பரவாயில்லை, பொதுவாகக் கொஞ்சம் விரித்துக்கொடுங்கள்’ என்றார். இந்தச் சொல்தான் ஆபத்து. புது லைனரின் மெத்தை, நாலைந்து நாள் ஓட்டத்தில் காலுக்கு ஏற்பப் படிந்து இளகிக்கொடுக்கும். இன்று வசதியாக இருக்கும் அளவுக்குப் பிளாஸ்டிக் ஓடுகளையும் விரித்துவிட்டால், ஐந்தாம் நாள் பூட்ஸ் தொளதொளத்துவிடும். குதிகால் எழும்பும், கால் முன்னால் சறுக்கும், விரல் இடிக்கும், நகம் கறுக்கும். ஆள் என்ன நினைப்பார்? பூட்ஸ் சின்னது என்று நினைப்பார். ஆடுகிற காலை நிறுத்த பக்கிளை இன்னும் இறுக்குவார், புறங்கால் நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். இறுக்குகிறது என்று நம் கடைக்கு வந்தவர்களில் சிலருடைய பூட்ஸ் உண்மையில் ஓர் அளவு பெரியது. குல்மார்கில் கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே கால் மரத்தால் விளையாட்டு இல்லை.

இறுக்கிய பூட்ஸை இளக்கலாம். இளக்கிய பூட்ஸை இறுக்க எனக்குத் தெரியாது. அதனால்தான், மெல்லிய சாக்ஸ் ஒன்று மட்டும் போடுங்கள், தெர்மலை மேலே சுருட்டிவிடுங்கள், நகத்தை வெட்டுங்கள், குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கியபடி மேல் பக்கிளை முதலில் போடுங்கள் என்றேன். நிமிர்ந்து நின்றால் விரல் முட்டத்தான் செய்யும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னுக்குப் போய் விரல் விலகும். அந்த பூட்ஸ் மடங்கி நிற்பதற்காகவே செய்யப்பட்டது. ஒரு வாரம் இரவில் ஏசி அறையில் தினம் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள், பிறகும் வலித்தால் வாருங்கள் என்றேன்.

என்னை உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை இரண்டு சுற்றுக் காட்டி, மறுநாள் 2,500 ரூபாய் வாங்கியிருந்தால் அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார், எனக்கும் நல்ல பெயர். ஐந்நூறு வாங்கி உண்மையைச் சொன்னதால் ஊர் சிரிக்கிறது. மருத்துவர் ஊசி போடாமல் அனுப்பினால் பீஸ் கொடுக்காமலா வருகிறோம்?

ஒரு குறை என் பக்கம் உண்டு. பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டு என்பதை நான் பலகையில் எழுதிவைத்திருக்கவில்லை. அதற்காக அவரிடமும் உங்களிடமும் வருத்தம் தெரிவிக்கிறேன். இப்போது கல்லாவுக்கு மேலேயே எழுதிவிட்டேன். பார்த்த பிறகு வேலை தேவைப்பட்டால் அந்த ஐந்நூறு கூலியில் கழிந்துவிடும்.

நகத்தோடு தீராத கால்களும் இருக்கின்றன. கணுக்கால் எலும்பு துருத்தியவர்கள், பாதம் அகன்றவர்கள், உள்வளைவு படுத்துவிட்டவர்கள். பாதம் படுத்தவருக்கு முதலில் உள்ளே ஒரு நல்ல தாங்கு அட்டை வைத்துப் பார்ப்பேன். கால் நிமிர்ந்தால் நீளமும் அகலமும் கொஞ்சம் குறையும், பல நேரம் அதிலேயே வலி தீர்ந்துவிடும். தீராவிட்டால்தான் ஓட்டில் கை வைப்பேன். நாமத் தடம் விழுந்த இடத்தை மட்டும் சூடாக்கி, பிளாஸ்டிக் மெல்ல மினுக்கத் தொடங்கும் நேரத்தில் நிறுத்தி, உள்ளிருந்து அழுத்துகருவி கொடுத்து, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுவது. மினுக்கத்தைத் தாண்டினால் பிளாஸ்டிக் கொப்புளித்துவிடும். ஆறுவதற்குள் எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மலையேறிச் சறுக்குகிறவர்கள் போடும் எடை குறைந்த பூட்ஸ் வேறு பிளாஸ்டிக். அதற்கு வேறு சூடு, இரட்டைப் பொறுமை. அகலத்தில் சில மில்லிமீட்டர் கிடைக்கும். நீளத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

பூட்ஸின் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டை மட்டும் தேய்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு இணைக்கும் பைண்டிங் கவ்விப்பிடிப்பது அதைத்தான். ஐஎஸ்ஓ 5355 என்ற சர்வதேசத் தரத்தில் அதற்குத் தனி அளவே இருக்கிறது. அளவு மாறினால், விழும்போது திறக்க வேண்டியது திறக்காது. முழங்கால் போய்விடும்.

வாங்கும்போதே கவனிக்க ஒன்று. பெட்டியில் 26, 26.5 என்று போட்டிருப்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றேதான். அரை அளவு கூட்டி வாங்கினேன், இன்னும் கடிக்கிறது என்று வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாங்கிய பிறகு பரணில் போடாதீர்கள், பக்கிளைத் திறந்தபடியும் வைக்காதீர்கள். லேசாகப் பூட்டி, நிழலில் வையுங்கள்.

உங்களுக்கெல்லாம் பழக்கமான, ஒன்பது வருடமாக ஹீட் கன் பிடித்த தம்பி ஆம்பூரில் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். நல்லபடியாக இருக்கட்டும். அவர் போனது எனக்கு வலது கை போன மாதிரிதான். ஒரு பையன் பழகிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் ஹீட் கன்னை இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே மூன்று நாளில் கொடுத்த வேலைக்கு இனி பத்து நாள் ஆகும், கூலி 2,500லிருந்து 3,200 ஆகிறது. பயணத்துக்கு முந்தின நாள் தயவுசெய்து ஓடிவராதீர்கள். அதே செய்திக்குக் கீழே இன்னொருவர் பூட்ஸ் கொப்புளித்தது பற்றி எழுதியிருந்தார், அது பேசித் தீர்த்தாகிவிட்டது.

மற்றபடி, இந்த இரண்டு வாரத்தில் கைப்பேசியில் அழைத்து ‘அண்ணே, நாங்கள் இருக்கிறோம்’ என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேளச்சேரி அம்மா ஒருவர், போன வருடம் பூட்ஸை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலைந்தவர், அந்தக் குழுவிலேயே எனக்காக நீளமாக எழுதியிருக்கிறார். பனியைக் கண்ணால் பார்த்திராத என்னை நம்பி விலை உயர்ந்த பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். திரும்பி வரும்போது அங்கே எடுத்த படங்களையும் காட்டுகிறீர்கள். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பொங்கலுக்கு மூன்று நாள் கடை விடுமுறை. பூட்ஸ் பார்ப்பது இனிக் காலை பத்து முதல் ஒரு மணி வரை மட்டும், கால் ஊதுவதற்கு முன்.

அன்புடன்,
கடைக்காரர்
பெரியமேடு, சென்னை

பின்குறிப்பு: அந்த வாடிக்கையாளர் இரண்டு சோடி கம்பளி சாக்ஸையும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். துவைத்து, உறையில் போட்டு, கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு சோடியை மட்டும் குல்மார்குக்கு எடுத்துப்போகட்டும்.