காற்றுக்கு யன்னல் திறந்து விடாதே

கோண்டாவில்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளும் பேரப்பிள்ளைகளும் உன்னோடு வந்திருப்பது நல்ல செய்தி. அவர்களுக்காக வீட்டின் பின்பக்கம் சாய்ப்பாக இறக்கிய தகரப் பத்திதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. மாரியும் தொடங்கிவிட்டது, பருத்தித்துறைக் கடலும் உனக்குப் பக்கத்தில்.

புயலுக்கு யன்னலைக் கொஞ்சம் நீக்கி விட்டால் காற்று ஊடறுத்துப் போய்விடும், கூரை தப்பும் என்று எழுதியிருந்தாய். ஊரில் பலர் சொல்வதுதான், ஆனால் பிழை. கூரைக்கு மேலால் ஓடும் காற்று தகரத்தை ஏற்கெனவே மேலே இழுத்துக்கொண்டிருக்கும். யன்னலால் புகுந்த காற்று கீழே இருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கூரை கழரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. ஆகவே எல்லாப் பக்கமும் இறுக்கிச் சாத்து. பழைய இரட்டைக் கதவு நடுவில்தான் விட்டுக்கொடுக்கும். உள்ளே குறுக்குச் சட்டம் போடு. கண்ணாடியில் டேப் ஒட்டிப் பிரயோசனம் இல்லை, உடைந்தால் பெரிய துண்டாக விழும், அவ்வளவுதான். அரை அங்குலத்துக்குக் குறையாத பிளைவூட்டை வெளிப்பக்கம் அடி.

ஒரு பக்கம் மட்டும் அடைத்துவிட்டு இருந்துவிடாதே, காற்றுத் திரும்பும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. அப்படி எங்களுக்குத் தெற்கால் புயல் போனால் முதலில் வடக்கு, வடகிழக்கால் அடிக்கும். பிறகு கிழக்கு, தென்கிழக்கு. புயலின் கண், அதாவது அதன் நடு, நேரே மேலால் வந்தால் காற்றுச் சடாரென்று ஓயும். அந்த ஓய்வை நம்பி முற்றத்துக்கு இறங்குகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்தால் அதே வேகத்தில் வரும்.

பத்தித் தகரத்தில் ஓரத்து வரிசையும் முகட்டு வரிசையும்தான் முதலில் போகும். ஆணி அடித்திருந்தால் இழுபட்டு வந்துவிடும். தகரத்தைத் தாங்குகிற வளை மரத்தைச் சுற்றிப் பிடிக்கிற கொளுக்கி போல்ற்றுப் போடு, ஓரங்களில் நெருக்கமாக. கைமரங்களைச் சுவரோடு பட்டை இரும்பால் கட்டு. பாரத்துக்கென்று மேலே கல் வைக்காதே, தகரம் எழும்பினால் கல்லும் சேர்ந்து பறக்கும். தண்ணீர்த் தாங்கியைக் கரண்ட் போகுமுன் நிரப்பிவிடு. 500 லீற்றர் நிறைந்தால் அரைத் தொன், வெறுமையாக இருந்தால் காற்றுத் தூக்கிப் போடும். காவோலை, தேங்காய் எல்லாம் இப்போதே இறக்கு. வீட்டோடு நிற்கிற முருங்கையைத் தறி. பனை வளைந்து கொடுக்கும், முருங்கை முறியும்.

காற்று ஏறினதும் எல்லோரும் பத்தியை விட்டு, கொங்கிறீற் போட்ட நடு அறைக்கு வாருங்கள். பெரிய யன்னல் உள்ள விறாந்தை வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்து. ஜெனரேற்றரை மழைக்குப் பயந்து குசினிக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் புகையில் மணமில்லாத நஞ்சு உண்டு, நித்திரையிலேயே ஆளை முடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் படி மூன்று நாளுக்குத் தண்ணீர் பிடித்து வை. அவல், பாண், பிள்ளைகளின் மருந்து எல்லாம் உயரத்தில். மாட்டைக் கட்டிவிட்டு வராதே. வெள்ளம் ஏறினால் கயிறே அதைக் கொல்லும்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை நம்பாதே. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்புகளால் மலசலகூடக் குழித் தண்ணீர் சுணங்காமல் கிணற்றுக்குப் போய்விடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிற அளவில் குளோரின் போட்டாலும், குடிக்கிறதை நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் போன பிறகே இறக்கு. பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும், சப்பாத்தை உதறாமல் போடாதே. அறுந்த வயர் கிடந்தால் கிட்டப் போகாதே. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

யன்னல் அளவுகளை அங்குலத்தில் எழுதி அனுப்பு. ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் கூட்டிப் பலகை அரிவித்து வைக்கிறேன், பஸ்ஸில் போட்டுவிடலாம். போல்ற்றை அங்கேயே வாங்கு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி