ஐந்து லட்சம் வேண்டாம்

திருப்பூர்
14.9.2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. ஓய்வுப் பணத்தில் ஐந்து லட்சம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அனுப்பாதே. ஏனென்று சொல்கிறேன்.

ஐம்பது சதவீத வரி பற்றிச் செய்தியில் பார்த்திருப்பாய். ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 25 சதவீதம் போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ல் இன்னொரு 25. பருத்தி டீ-சர்ட்டுக்கு முன்பே 16.5 சதவீதம் உண்டு. ஆக, நூறு ரூபாய் சரக்குக்கு அறுபத்தாறரை ரூபாய் வரி. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இந்தக் கூடுதல் வரி 20தான். சரக்கு வாங்குகிற அமெரிக்க பையர் எங்கே போவான், நீயே சொல்.

27-க்கு முன் கப்பலேறும் சரக்குக்கு இரண்டாவது வரி இல்லை என்றார்கள். அந்த வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் தையல் மெஷின்களை ஓட்டினோம். ஒடிசாப் பையன்கள் இருவர் ஓவர்லாக் மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கினார்கள். அந்த லாட் போய்விட்டது. அடுத்தது கிறிஸ்துமஸ் ஆர்டர், குழந்தைகளுக்கான பைஜாமா, நெஞ்சில் கலைமான் படம். கட்டிங் முடிந்து பண்டல் பண்டலாக வந்து இறங்கிய மறுநாள், எனக்குத் தையல் வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து போன்: "நிறுத்தி வையுங்க." வெட்டிய துணியை வேறு எதற்குத் திருப்புவது? டாலர் விலை அச்சடித்த அட்டைகள்கூட வந்துவிட்டன. இன்னும் என் மேஜையில்தான் இருக்கின்றன.

2011-ல் சாயப்பட்டறைகளை மூடியபோதும் அடி வாங்கினோம். ஆனால் அது நொய்யல் ஆற்றில் சாயக்கழிவை விட்டு நாம் செய்த தப்பு; நம் கண்ணுக்குத் தெரிந்தது, திருத்தவும் வழி இருந்தது. இதில் எங்கள் கையில் எதுவுமே இல்லை. பையர் எக்ஸ்போர்ட்டரிடம் விலையைக் குறைக்கச் சொல்கிறான். அவர் ஒரு பீஸ் தைக்க எனக்குத் தரும் ரேட்டைக் குறைக்கிறார். நான் யாரிடம் குறைப்பது? டைலரிடம்தான். அதை மட்டும் செய்ய மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சம்பளம் இதுவரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. வளையலை அடகு வைத்துத்தான் சமாளித்தோம். அடுத்த மாதம் 20-ஆம் தேதி தீபாவளி, போனஸ் வேறு இருக்கிறது.

உன் பணம் வந்தால் அதுவும் இப்படிச் சம்பளமாகத்தான் கரையும். ஆர்டர் திரும்பாவிட்டால் எதை வைத்துத் திருப்பித் தருவேன்? உன் மகள் கல்யாணம் தை மாதம் இருக்கிறது. உனக்கு இனி மாதச் சம்பளமும் இல்லை.

என் மேலும் தப்பு உண்டு. ரேட் நன்றாக இருந்ததால் நாற்பது மெஷினையும் ஒரே எக்ஸ்போர்ட்டருக்கு ஓட்டினேன். இப்போது பாதியை உள்ளூர் பனியன், ஜட்டி வேலைக்கு மாற்றியிருக்கிறேன். ரேட் குறைவு, ஆனால் வாரா வாரம் காசு வருகிறது. ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டார்களே, அது நடைமுறைக்கு வந்தால் அங்கிருந்தும் ஆர்டர் வரும் என்கிறார்கள். அது வரும்போது வரட்டும்.

நீ எனக்கு உதவத்தான் வேண்டுமென்றால் ஒன்று செய். நீ வேலை பார்த்த பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு டீ-சர்ட் தைப்பார்களே, இந்த வருடம் யாரிடம் கொடுக்கிறார்கள் என்று விசாரி. இருநூறு பீஸ் என்றாலும் சரி. அளவு சொன்னால் சாம்பிள் தைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வராஜ்