'ரிவைவல்' நாவலுக்காக அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

'ரிவைவல்' பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. முக்கால்வாசிப் புத்தகம் ஒரு கிடார்க்காரனின் வாழ்க்கைக் கதை, கடைசியில் திடீரென்று வேறு ஏதோ கதை வந்து ஒட்டிக்கொள்கிறது, இதைப் போய் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் நல்ல நாவல் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அதோடு விடாமல், வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர்கள் கையில் இதைக் கொடுப்பதே பாவம் என்றும் எழுதிவிட்டீர்கள். முதல் குறையைப் பலரும் சொல்வதுதான். இரண்டாவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, ஏனென்றால் எனக்கு இந்தப் புத்தகம் பிடித்துப்போனதே அந்த மாதிரி ஒரு சமயத்தில்தான்.

முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நாவல் வந்தது 2014 நவம்பரில். அதே வருஷம் ஜூன் மாதம் கிங்கின் 'மிஸ்டர் மெர்சிடிஸ்' வந்து, மறு வருஷம் துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருதும் வாங்கி, அதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல்களும் வந்தன. 'ரிவைவல்' தனியாக நின்றது. பேய்க்கதை என்று எடுத்தவர்களுக்குப் பேய் வரவில்லை, வாழ்க்கைக் கதையாக ரசித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் வந்தது பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆதரவில்லாமல் போன புத்தகம் அது. ஆனால் அதைப் பிடித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

முதல் பக்கங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1962, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹார்லோ என்ற சின்ன ஊர். ஆறு வயது ஜேமி மார்ட்டன் வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்து பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். பிறந்தநாளுக்கு அக்கா க்ளேர் வாங்கிக் கொடுத்த சிப்பாய்கள். மண்ணைக் குவித்து மலை கட்டி அதற்கு மண்டையோட்டு மலை என்று பேர் வைத்திருக்கிறான். அப்போது அவன்மேல் ஒரு நிழல் விழுகிறது. நிமிர்ந்து பார்த்தால் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் மெதடிஸ்ட் சபைப் போதகர் சார்ல்ஸ் ஜேக்கப்ஸ் நிற்கிறார். அந்த மனிதர் உடனே கீழே உட்கார்ந்து, மண் மலையில் கையைவிட்டு, பையனுக்குக் குகை செய்து கொடுக்கிறார். எவ்வளவு நல்ல மனிதர்! அப்புறம் தன் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே செய்த மாதிரி ஏரியில் இயேசு தண்ணீர்மேல் நடப்பதைக் காட்டுகிறார். அது மின்சாரத்தால் ஓடும் பொம்மை. ஜேமியின் அண்ணன் கானுக்குத் தொண்டையில் அடிபட்டுப் பேச்சு வராமல் போனபோது, ஒரு சின்ன மின்கருவியை வைத்துப் பேச்சை வரவழைப்பதும் இவர்தான்.

இந்த மெதுவான பகுதிதான் உங்களுக்கு அலுத்தது. எனக்கு அது முழுக்கத் தேவைப்பட்டது. ஜேமி முதல் முதலாகக் கிடாரில் ஒரு கார்டு பிடிப்பது, ஆஸ்ட்ரிட் என்ற பெண்ணைக் காதலிப்பது, அண்ணன்களோடு அடித்துக்கொள்வது, எல்லாம் கதைக்கு வெளியே கிடக்கும் சாமான்கள் இல்லை அக்கா. இந்த மனிதர்கள் எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறார்கள், செத்தபின் இவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் நாவல் கேட்கப்போகும் கேள்வி. அவர்களோடு இருநூறு முன்னூறு பக்கம் பழகாமல் அந்தக் கேள்வியைக் கேட்டால் யாருக்கு வலிக்கும்? அம்மா புற்றுநோயில் போகிறாள். சிப்பாய் வாங்கிக் கொடுத்த க்ளேர், கணவனாக இருந்தவன் கையாலேயே சாகிறாள். அதை கிங் சில பக்கங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நிஜத்திலும் அப்படித்தானே? யாருடைய சாவுக்கும் வாழ்க்கை நின்று தனி அத்தியாயம் ஒதுக்குவதில்லை.

இப்போது விபத்துக்கு வருகிறேன். ஜேக்கப்ஸின் மனைவி பாட்சியும் சின்னப் பையன் மோரியும் காரில் போகும்போது ஒரு விவசாயியின் வண்டியில் மோதிச் சாகிறார்கள். அந்த விவசாயிக்கு வலிப்பு வந்துவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியவன் என்றால் திட்டலாம், ஜெயிலில் போடச் சொல்லலாம். வலிப்பு வந்த மனிதனை என்ன செய்வது? ஜேக்கப்ஸின் கோபத்துக்குப் போக ஓர் ஆள் கிடைக்கவில்லை. அதனால் அது நேராக மேலே போகிறது.

சில வாரங்கள் கழித்து, நன்றி கூறும் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, அவர் பிரசங்க பீடத்தில் ஏறுகிறார். ஊர் அதற்கு 'பயங்கரப் பிரசங்கம்' என்றே பேர் வைத்துவிடுகிறது. வேதத்திலிருந்து தொடங்கி, பக்தியோடு இருந்தவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், வருஷக்கணக்கில் பிரீமியம் வாங்கிக்கொண்டு, பணம் கேட்டுப் போகும் நாளில் அப்படியொரு கம்பெனியே இல்லை என்று தெரியவரும் இன்சூரன்ஸ் மோசடி மாதிரிதான் மதம் என்கிறார். எழுந்து போகிறவர்கள் போகிறார்கள், அழுகிறவர்கள் அழுகிறார்கள். அவருக்கு வேலை போய்விடுகிறது. சாமி இருக்கிறதா இல்லையா என்ற பட்டிமன்றமாக அதைப் படித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். எனக்கு அதில் கேட்டது வேறு. அந்த மனிதருக்கு ஆறுதல் வேண்டாம், தகவல் வேண்டும். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போதும். இத்தனை வருஷம் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவந்த பதில்தான் அவருக்கே போதவில்லை.

அப்பா போன சமயம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல சாவு, கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார், அவர் கொடுப்பினை அவ்வளவுதான், மேலே இருந்து உங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஒரு குரல், உங்களுக்கு எப்படித் தெரியும், யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்டிருந்தால் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். அந்தச் சமயத்தில் இந்தப் பிரசங்கத்தைப் படித்தபோது, என் கேள்வியை ஒருவர் ஊருக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டது போல இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் கூடாது என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது இதனால்தான்.

'பெட் செமட்டரி'யோடு ஒப்பிட்டிருந்தீர்கள், அதில் ஓர் அப்பாவின் துக்கம் நேராகத் தாக்குகிறது, இதில் அப்படி இல்லை என்று. 1983-இல் வந்த அந்த நாவலிலும் ஒரு சின்னப் பையன், ஒரு லாரி. முப்பத்தோரு வருஷம் கழித்து கிங் அதே சாலைக்குத் திரும்பி வந்திருக்கிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அப்பாவுக்குப் பிள்ளை திரும்ப வேண்டும். தப்பு என்று தெரிந்தே, செத்தவர்களை எழுப்பிவிடும் ஓர் இடுகாட்டில் கொண்டுபோய்ப் புதைக்கிறான். ஜேக்கப்ஸ் தன் மனைவி மக்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கவே இல்லை. எங்கே போனார்கள் என்று தெரிந்தால் போதும் அவருக்கு. இளவயதில் எழுதிய நாவலில் இருந்தது ஆசை, அறுபதைத் தாண்டி எழுதியதில் இருப்பது சந்தேகம். சந்தேகம்தான் ஆளை அதிக நாள் தின்கிறது.

இந்த நாவலை மேரி ஷெல்லியில் தொடங்கி ஆர்தர் மாக்கன் வரை திகில் எழுத்தாளர்கள் பலருக்கு கிங் சமர்ப்பணம் செய்திருக்கிறார். மேரி ஷெல்லி பிறந்த சில நாட்களில் அவர் அம்மா இறந்துபோனார். அவருடைய முதல் குழந்தை 1815-இல் இறந்தது. குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வருஷம்தான், உயிரில்லாத உடலுக்கு உயிர் கொடுக்கும் கதையான 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுத உட்கார்ந்தார். இந்த வகைக் கதைகள் பயமுறுத்துவதற்காக மட்டும் பிறந்தவை இல்லை. துக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து இவற்றை எடுத்துவிடச் சொல்கிறீர்களே, எழுதியவர்களே அந்த வீட்டிலிருந்து வந்தவர்கள்தானே அக்கா?

ஜேக்கப்ஸை கிங் தியாகியாக்கவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1992-இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரச் சந்தையில், மின்னல் ஒளியில் படம் எடுக்கும் வித்தை காட்டிப் பிழைத்துக்கொண்டிருக்கிறார். ஹெராயினில் மூழ்கிக் கிடக்கும் ஜேமியை அங்கே பார்த்து, மின்சாரம் வைத்துக் குணப்படுத்துகிறார். அப்புறம் எழுப்புதல் கூட்டங்கள் நடத்தி, கல்யாண மோதிரங்களை நோயாளிகளின் தலையில் வைத்துச் சுகம் கொடுக்கிறார். கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. செத்துப்போன கல்யாணத்தின் மோதிரம் அவருக்கு மேடைச் சாமானாகிவிட்டது. சுகமானவர்களில் சிலருக்குப் பின்னால் மூளை கலங்குகிறது, சிலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, அவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வந்த ஆட்கள்தான். மனைவி மகனை இழந்த மனிதர் என்று நாம் இரக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்போதே, பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகள் இவரால் அழிகிறார்கள். துக்கம் ஆளைப் புடம் போட்டு எடுக்கும் என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறார்கள் நம்மை? இவரை அது கல்லாக்கிவிட்டது.

கடைசியாக அந்த முடிவு. மலையுச்சி, இடி மின்னல், செத்துப்போன மேரி ஃபே என்ற பெண்ணை ஒரு கணம் எழுப்பி அவள் வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள் ஜேக்கப்ஸும் ஜேமியும். அங்கே சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. இடிந்த நகரம் ஒன்று, செத்தவர்கள் எல்லோரும் வரிசையாக நடக்கிறார்கள், எறும்பு மாதிரியான ஜந்துக்கள் அவர்களை விரட்டிக்கொண்டு போகின்றன. நல்லவர் கெட்டவர் என்ற கணக்கே கிடையாது. இதைத்தான் ஒட்டவைத்தது என்கிறீர்கள். எனக்கோ, பிரசங்க பீடத்தில் கேட்ட கேள்விக்கு நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த பதில் அது. வேறு எந்தப் பதில் வந்திருந்தாலும் புத்தகம் பொய்யாகியிருக்கும். மோரி ஒளி வட்டத்தோடு வந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அந்த மலைக்குப் போவதற்கு முன்னால் வரும் குடும்ப விருந்து உங்களுக்கு நினைவிருக்கிறதா? அண்ணன் டெரியின் கல்யாண நாளுக்கு ஜேமி ஹார்லோ போகிறான். டெரியின் பேத்தி, கைக்குழந்தை, பெயர் காரா லின். அவள் ஜேமியிடம் தாவி வந்து ஒட்டிக்கொள்கிறாள். பிள்ளை குட்டி இல்லாத, ஹெராயினில் பாதி வாழ்க்கையைத் தொலைத்த ஐம்பது வயது தாண்டிய ஆளுக்கு அப்படியொரு சந்தோஷம். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மலையில் அந்த வரிசையைப் பார்த்தபின் ஜேமிக்குத் தெரிந்துவிடுகிறது, அம்மாவும் க்ளேரும் மட்டுமில்லை, ஒருநாள் இந்தக் குழந்தையும் அங்கேதான் போகும் என்று. அந்த எறும்புகளைவிட எனக்குப் பயம் தந்தது இதுதான். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த அந்தப் பக்கங்கள் இல்லையென்றால், கடைசிக் காட்சி வெறும் வாணவேடிக்கை.

சாவு நடந்த வீட்டில் பதினாறாம் நாள் முடிவதற்குள் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எப்போது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் துக்கத்தில் இருப்பவர்களில் ஒருவகை உண்டு, ஆறுதல் சொன்னாலே ஆத்திரம் வருகிறவர்கள். அவர்களுக்கு இது துணையாக இருக்கும், எனக்கு இருந்தது போல.

முழுசாக மறுபடி படிக்கச் சொல்லவில்லை. பிரசங்கத்தை ஒருமுறை, அப்புறம் டெரி வீட்டு விருந்திலிருந்து கடைசி வரை ஒருமுறை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஒட்டவைத்தது மாதிரித்தான் இருக்கிறது என்றால் ஃபோன் பண்ணுங்கள், சண்டை போடுவோம். என் பிரதியைத் திருப்பித் தர அவசரமில்லை.

அன்புடன்,
உங்கள் தங்கை