ஒரு ‘ழ’ குறைகிறது

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அச்சு மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். மேசை மேல் வைத்துக் கையால் அழுத்தும் சின்ன மெஷின். உன் தங்கச்சி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “இதையாவது துடைத்து வையுங்கள்” என்றாள். சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் உனக்குத் தெரியும். கதவுக்கு ஒரு பித்தளைக் கொண்டி தேடிப் போனவன், ஒரு கடையின் பின்கட்டில் எனாமல் தூக்குகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் நடுவில் மை காய்ந்து கறுத்த வட்டத்தட்டு ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் போய்த் தூசியைத் துடைத்தால் ‘அடானா’ என்று இருக்கிறது. இங்கிலாந்தில் ட்விக்கன்ஹாமில் செய்தது. எட்டுக்கு ஐந்து அங்குலம் அச்சடிக்கும், அதனால் பெயரே ‘எட்டு ஐந்து’தான். 1953-இல் வந்த மாடல். கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பிரித்தபோது வந்ததாம். கடைக்காரர் அதை ஷோ பீஸாக ஏதாவது ஹோட்டலுக்குத் தள்ளிவிட நினைத்திருந்தார். 28,000 சொன்னார். பிடியை இழுத்துப் பார்த்தேன், தட்டு சுற்றவில்லை. அதைக் காட்டியே 17,500-க்கு முடித்தேன். கூடவே ஈய எழுத்து நிறைந்த மரப்பெட்டி ஒன்றும் கொசுறாக வந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெட்டிதான் விலை பெறும்.

தட்டு சுற்றாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டைக் கொஞ்சம் தள்ளிவிடும் கொக்கியில் பழைய மை கல்லாக உறைந்திருந்தது. ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், சரியாகிவிட்டது. அய்யா காலத்துப் பர்மா தேக்கு மேசையில் துளை போட மனம் வரவில்லை. பலாப்பலகை ஒன்றில் மெஷினை முடுக்கி, பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் பிடியை அழுத்தும்போது மெஷின் முன்பக்கம் கவிழ்கிறது.

என்னை ஒரு வழி பண்ணியது எழுத்தில் மை தடவும் ரோலர். இருந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடந்து கிடந்து ஒருபக்கம் தட்டையாகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தன. மதுரையில் ஓர் இடத்தில் கொடுத்துப் புது ரப்பர் போட்டேன். ‘அளவெல்லாம் கச்சிதம்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் தாளை இழுத்தால் ‘ஞ’வின் வயிறெல்லாம் மை அடைத்துக்கிடக்கிறது. மை அதிகமோ என்று குறைத்தேன், அப்போதும் அதேதான். கடைசியில் வெர்னியர் வைத்து அளந்தால், ரோலர் அதன் இரு முனைச் சக்கரங்களைவிட விட்டத்தில் அரை மில்லி பெரிசு. சக்கரம் ஓடுவது பக்கத்துத் தண்டவாளத்தில். ரோலர் மட்டும் கால் மில்லி கீழே தொங்கி, எழுத்தின் தலையைத் தொட வேண்டியது, அதைச் சுற்றித் தாழ்ந்திருக்கும் தோளையும் சேர்த்துத் தேய்க்கிறது. ஈய எழுத்தின் உயரமே 0.918 அங்குலம், அதில் கால் மில்லி என்பது சின்ன விஷயமில்லை. தண்டவாளத்தின் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன். ரோலர் எழும்பியது, ‘ஞ’ கண் திறந்தது.

அப்புறம் அழுத்தம். தாள் வைக்கும் பலகைக்குப் பின்னால் நான்கு திருகுகள். சட்டத்தின் நான்கு மூலையிலும் 24 பாயிண்ட் ‘ஐ’ ஒவ்வொன்று பூட்டி இழுத்துப் பார்த்தேன். மேல் இடது மூலை தாளைக் கிழிக்கிறது, கீழ் வலது மூலை பேய் மாதிரி நிழலாக விழுகிறது. ஒன்றைத் தளர்த்தினால் இன்னொன்று கெடுகிறது. கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மூன்று மாலைகள் போயின. நான்கு ‘ஐ’யும் ஒரே கறுப்பாக விழுந்தபோது மணி ஒன்பதரை. வீட்டில் யாரும் பார்க்கவில்லை, எனக்கு நானே கையைத் தட்டிக்கொண்டேன். ஓரிரு தேய்ந்த எழுத்துகள் இன்னும் மங்கல்தான். அவற்றுக்கு நேராகப் பின்னால் மெல்லிய தாள் துண்டு ஒட்டி மேக்ரெடி செய்துகொள்கிறேன்.

1980 கோடை விடுமுறையில் தேவகோட்டை அச்சகத்தில் நாம் நின்றது நினைவிருக்கிறதா? காலால் மிதிக்கும் டிரெடில் மெஷினை ஓட்டும் அண்ணன் அச்சடித்த தாளைத் திருப்பி முதுகில் விரலால் தடவுவார். தட்டுப்பட்டால் தொலைந்தோம். “எழுத்து தாளை முத்தமிடணும்டா, கடிக்கக் கூடாது.” என் மகளோ இப்போது அதையேதான் கேட்கிறாள். குழி விழ வேண்டுமாம், விரலில் தெரிய வேண்டுமாம், அதற்குத்தான் காசாம். இந்தச் சின்ன மெஷினில் அப்படி அழுத்தினால் ஈயமும் நசுங்கும், பிடியும் ஒருநாள் கையோடு வரும். மாட்டேன் என்றுவிட்டேன். கொஞ்சமே கொஞ்சம் மட்டும் கூட்டித் தருகிறேன் என்று பேச்சு.

பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே. எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து. லை, ளை, னை எல்லாம் துதிக்கை வளைத்து நிற்கின்றன; றா, ணா, னாவுக்குக் காலே கிடையாது. ‘குமரன்’, ‘ஊழியன்’ பத்திரிகையெல்லாம் வெளிவந்த ஊரில் இந்த எழுத்துகள் யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோத்தவையோ! கிளறும்போதெல்லாம் அந்த ஈய வாசனை நம் பள்ளிக்கூட நாளைக் கொண்டுவருகிறது. பெட்டியைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதே என்று அப்போதே அடிப்பார்கள், இப்போது உன் தங்கச்சி அடிக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் உன் மணிவிழா. அழைப்பிதழை இந்த மெஷினில்தான் அடிப்பேன், மறுத்துப் பேசாதே. ஐம்பது போதும், மற்றவர்களுக்கு ஆஃப்செட்டில் அடித்துக்கொள். உன் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல்களை வரிசை மாறாமல் எழுதி அனுப்பு. ஒன்று தப்பினாலும் உங்கள் வளவில் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

இன்னொன்று. ‘மணிவிழா அழைப்பிதழ்’ என்று 12 பாயிண்டில் கோத்துப் பார்த்தேன். புள்ளி வைத்த ‘ழ்’ தனி அச்சு, அது இருக்கிறது. வெறும் ‘ழ’ இரண்டு வேண்டும். பெட்டியில் முனை உடையாதது ஒன்றே ஒன்று. அந்தக் கோடையில் நீ அண்ணனுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த ‘ழ’, ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாயே, அதுவும் 12 பாயிண்ட்தானே? இருந்தால் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்