வெள்ளைக் குழாயில் என்ன வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைக் கட்டுமான ஆய்வாளர் தேர்வுக்கான கேள்வி பதில் கட்டு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பாலிடெக்னிக் முடித்து சைட் மேற்பார்வைக்குப் போன பிள்ளைகள் அதை வரி விடாமல் மனப்பாடம் செய்கிறார்கள். பதில்கள் பெரும்பாலும் சரிதான். ஆனால் அவை அமெரிக்காவுக்குச் சரி.

வெள்ளை அடையாளமிட்ட மருத்துவக் குழாய் எதற்கு என்று அதில் ஒரு கேள்வி. பதில், வேக்குவம், அதாவது உறிஞ்சும் குழாய். என்எஃப்பிஏ 99 என்ற அமெரிக்க விதி நூலில் அப்படித்தான்: பச்சை ஆக்சிஜன், மஞ்சள் மருத்துவக் காற்று, வெள்ளை வேக்குவம். பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த நம் மலேசிய மருத்துவமனைகளில் வெள்ளை என்றால் ஆக்சிஜன், மஞ்சள்தான் வேக்குவம், கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தது மருத்துவக் காற்று. பரீட்சையில் இது ஒரு மதிப்பெண் சமாச்சாரம். வார்டில் அப்படி இல்லை. அதனால்தான் எந்த நாட்டிலும் நிறத்தை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு குழாயில் மட்டும் அழுத்தம் ஏற்றி, மற்றக் குழாய்களின் முனைகளில் ஒன்றும் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் குறுக்கிணைப்புச் சோதனை அதற்காகவே இருக்கிறது.

அந்தக் கேள்விகளின் பிறப்பிடம் கலிபோர்னியா. 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் மருத்துவமனைக் கட்டடங்களே இடிந்ததால் 1973-இல் அங்கே தனிச் சட்டம் வந்தது. ஆய்வாளர்களுக்கு ஏ, பி, சி என மூன்று வகுப்புச் சான்றிதழும் அங்கே உண்டு. சீலிங் கம்பி, குழாய்க்குப் பக்கத் தாங்கல், நங்கூர போல்ட் என்று கேள்விகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் தேர்வையே எழுதுகிறவர் அங்குலம், பிஎஸ்ஐ அளவுகளோடு அதையே படிக்கட்டும். இங்கே வேலை செய்யப் போகிறவருக்கு 1984 யுபிபிஎல், அதாவது நம் நாட்டின் சீரான கட்டட விதிகள், வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் 1998-இன் 586-வது சட்டமும் (தனியார் சுகாதார வசதிகள் பற்றியது) அதன் 2006 விதிமுறைகளும் வேண்டும். இவற்றோடு அந்தந்த வேலையின் ஒப்பந்தக் குறிப்பேடு (ஸ்பெசிபிகேஷன்). இரண்டு நாட்டு விதிகளையும் ஒரே நோட்டில் எழுதி வைத்தால் தேர்வு நாளில் கலந்துவிடும்.

எங்கும் மாறாதது கணக்கு. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவதும் அதில்தான். ஆக்சிஜன் குழாயில் எண்ணெய்ப் பசையற்ற நைட்ரஜனை 500 கிலோபாஸ்கல் ஏற்றி 24 மணி நேரம் விடுகிறோம் என்று வைப்போம். ஏற்றும்போது 33 டிகிரி, மறுநாள் பார்க்கும்போது 25 டிகிரி. அழுத்தக் கடிகாரம் (கேஜ்) 484 காட்டுகிறது. ஒழுகலா? இல்லை. ஏற்றியபோது கடிகாரம் காட்டிய 500-ஓடு காற்றுமண்டல அழுத்தம் 101 சேர்த்தால் 601. வெப்பத்தைக் கெல்வினாக்கி 298-ஐ 306-ஆல் வகுத்துப் பெருக்கினால் 585. திரும்ப 101 கழித்தால் 484. குழாய் பத்திரமாக இருக்கிறது. 101-ஐச் சேர்க்க மறந்தவருக்கு 487 வரும். நல்ல குழாயை ஒழுகல் என்று எழுதிவிடுவார். 101-ஐயும் மறந்து செல்சியஸிலேயே வகுத்தவருக்கு 379 வரும். இதுதான் ஆபத்து: உண்மையாகவே ஒழுகி 400-க்கு இறங்கிய குழாய்க்கும் அவர் ‘தேறியது’ என்று எழுதுவார்.

குழாய் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஓடாவிட்டால் செம்பின் உட்புறம் சூட்டில் கறுத்துப் பொருக்காகும். அந்தப் பொருக்கு பிறகு உதிர்ந்து வால்வுக்கும் சுவாசக் கருவிக்கும் போகும். வெளியே பளபளக்கும் இணைப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மாதிரி இணைப்பு ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்க்க வேண்டும்.

பிளான் வாசிப்பில் ஒரு பொறி. ஏ1 தாளில் 1:100 என்று வரைந்ததை ஏ3-க்குச் சுருக்கினால் அது 1:200 ஆகிவிடும். மூலையில் அச்சான எழுத்து மட்டும் மாறாது. ஸ்கேல் வைத்து அளந்தால் 2.4 மீட்டர் நடைபாதை 1.2 என்று வரும். எழுதியிருக்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் கடைசித் திருத்தப் பிரதியில்.

காற்றோட்டத்துக்கு, குறிப்பேடு ஆஷ்ரே 170 என்ற அமெரிக்க மருத்துவமனைக் காற்றோட்டத் தரநிலையைச் சொன்னால், அறுவை அறையில் மணிக்கு 20 முறை காற்று மாறவேண்டும், அதில் 4 முறை வெளிக்காற்று. 6-க்கு 6 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் 108 கனமீட்டர். மணிக்கு 2,160 கனமீட்டர், அதாவது நொடிக்கு 600 லிட்டர். அறுவை அறை அக்கம்பக்கத்தைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் இருக்கவேண்டும். காற்றுவழித் தொற்றுக்கான தனி அறையில் அதே அளவு குறைவாக இருக்கவேண்டும். சோதனை நடக்கும்போது கதவுக்கு ஆப்பு வைத்திருந்தால் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

தீத்தடுப்பு பற்றி அந்தக் கேள்வி பதில் கட்டில் இரண்டே கேள்விகள். 2016-இல் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்த நாட்டில் இது போதாது. கருவியோடு இணைத்த நோயாளியைப் படியில் தூக்கி ஓட முடியாது. தீத்தடுப்புச் சுவருக்கு அப்பால் அதே மாடியில் அடுத்த பகுதிக்குத்தான் நகர்த்த முடியும். அந்தச் சுவரில் ஒயர்க்காரர் போட்ட ஓட்டையைச் சாதாரண மஞ்சள் நுரையால் அடைத்திருந்தால் அது சுவரே இல்லை. சீலிங் மூடுமுன் பார்க்கவேண்டும். ஏசிக்காரர் வந்துபோன பின் இன்னொரு தடவை பார்க்கவேண்டும். தோட்டத்தில் கங்காணி காலைப் பெரட்டில் ஒரு தடவை ஆளை எண்ணினால் அன்றைய கணக்கு முடிந்தது. இந்த வேலையில் அப்படி முடியாது.

படிக்கிறவர்கள் தினம் பத்துக் கேள்வி போதும். பதிலை மூடிவிட்டு, விதி நூலில் அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தேடிப் பிடியுங்கள். பிடிபடாததைச் சிவப்பு மையில் குறித்து ஞாயிற்றுக்கிழமை திரும்பத் தேடுங்கள்.

தங்கள் கல்விப் பக்கத்தில் இத்தகைய மாதிரிக் கேள்விகளை வெளியிட்டால், ஒவ்வொரு பதிலுக்குக் கீழும் எந்த நாட்டு விதி, எந்தப் பிரிவு என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவமனை வேலைத்தள மேற்பார்வையாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.