‘போயிருந்தேன்’ என்றால் ‘ஹேட் கான்’ ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளிவரும் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், வாரந்தோறும் தவறாமல் படித்து வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் சென்ற வாரப் பாடத்தில், ஆங்கில வினைக் காலங்களைப் பன்னிரண்டு கட்டங்களில் காட்டும் வழக்கமான அட்டவணையை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தமிழ் வினைமுற்றை நேர்ப்பொருளாகக் கொடுத்திருப்பது, நம் மாணவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பிழைக்கே வழிகாட்டிவிடுகிறது.

அட்டவணைப்படி ‘போனேன்’ சிம்பிள் பாஸ்ட், ‘போயிருக்கிறேன்’ பிரசென்ட் பெர்ஃபெக்ட், ‘போயிருந்தேன்’ பாஸ்ட் பெர்ஃபெக்ட். பார்ப்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்று நாம் சொன்னால், போய்ச் சிறிது நேரம் இருந்து திரும்பியும் வந்தாயிற்று என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பேச்சு அதோடு முடிந்தாலும் குறையில்லை. அதையே ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை’ என்று மாற்றினால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் அது பாதியில் நின்ற பேச்சாகவே விழும். கடந்துபோன வேறொரு நிகழ்ச்சிக்கும் முந்தியது இது என்று காட்டவே அவர்கள் ‘ஹேட்’ போடுகிறார்கள் என்பதால், அந்த வேறொரு நிகழ்ச்சி எப்போது வரும் என்று அவர் காத்திருப்பார். அங்கே ‘ஐ வென்ட்’ என்பதே போதுமானது.

‘போயிருக்கிறேன்’ இதைவிடச் சிக்கலானது. ‘2019இல் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’, ‘போன வாரமே விண்ணப்பித்திருக்கிறேன்’ என்று நாளையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. ஆங்கிலத்தின் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டோ, முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போன்ற சொற்களைப் பக்கத்தில் அண்டவிடாது; ஆகவே நேர்முகத் தேர்வில் ‘ஐ ஹேவ் அப்ளைட் லாஸ்ட் வீக்’ என்று சொல்லும் மாணவர், இலக்கணம் தெரியாமல் அல்ல, தமிழை அப்படியே கொண்டுபோவதால்தான் தவறுகிறார். மேலும் ‘நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’ என்பது அனுபவம். ‘அப்பா டெல்லிக்குப் போயிருக்கிறார்’ என்பது அவர் இப்போது வீட்டில் இல்லை என்ற செய்தி. முதலாவதற்கு ‘ஹேவ் பீன்’, இரண்டாவதற்கு ‘ஹேஸ் கான்’. எதிரே அமர்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்பவர், தாம் நம் எதிரில் இல்லை என்று தாமே சாட்சி சொல்கிறார். காலையில் ஈரமான முற்றத்தைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, அது நேரில் காணாததை ஊகித்துச் சொல்வது. அந்த ஊகம் தொனிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்றுதான் போக வேண்டும். அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இது இல்லை.

காரணம் எளிது. தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாகவே வகுத்தது. இறந்தகாலத்தைக் காட்ட த், ட், ற், இன் என்ற இடைநிலைகள் போதுமாயின. அதற்கு மேல் நாம் சொல்ல விரும்பும் நுட்பங்களையெல்லாம் இரு, விடு, கொண்டிரு முதலிய துணைவினைகள் சுமக்கின்றன. அவை ஆங்கிலத்தின் ‘ஹேவ்’, ‘ஹேட்’ ஆகியவற்றோடு சில இடங்களில் ஒத்துப்போகும். பல இடங்களில் ஒத்துப்போகா. ஒத்துப்போகாத இடங்களை முதலில் சொல்லித் தருவதே ஆசிரியர் வேலை என்பது என் கருத்து.

அதே பாடத்தின் பயிற்சியில், நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இறந்துகொண்டேயிருக்கும் அந்த நோயாளியும் இடம்பெற்றிருக்கிறார். மருத்துவர் வருவதற்கு முன் நோயாளி இறந்தார் என்பதற்கு ‘ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்’ என்பதே சரி, ‘டைட்’ தவறு என்று விடையில் கண்டேன். ‘பிஃபோர்’ என்ற சொல்லே எது முன், எது பின் என்று காட்டிவிடுவதால் ‘டைட்’ என்று எழுதினாலும் பிழையில்லை. ‘வென்’ வரும்போதுதான் வேறுபாடு பிறக்கிறது. ‘வென் தி டாக்டர் கேம்’ என்பதோடு ‘ஹேட் டைட்’ சேர்ந்தால் மருத்துவர் கண்டது உயிரற்ற உடலை. வெறும் ‘டைட்’ சேர்ந்தால் அவர் வந்த வேளையில்தான் உயிர் பிரிந்தது. இந்த ஓர் இணையை விளக்கினாலே பாஸ்ட் பெர்ஃபெக்ட் எதற்கு என்பது மாணவருக்கு விளங்கும்.

‘சாப்பிட்டாயா?’ என்பதற்கு ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதை மட்டும் சரியென்று கொண்டதும் எனக்கு உடன்பாடில்லை. அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் ‘டிட் யூ ஈட்?’ என்று இயல்பாகவே கேட்பர். இரண்டையும் குறிப்பிட்டிருக்கலாம்.

எனவே, மேற்கண்ட இரண்டு விடைகளுக்கும் அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறும், இனிவரும் பயிற்சிகளில் வெறும் வினைமுற்றைக் கொடுக்காமல், ‘நேற்று’, ‘இதுவரை’, ‘அவர் வந்தபோது’ போன்ற காலச் சொற்களோடு கூடிய முழுத் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.