நியூஜெர்சியைப் பற்றிக் கொஞ்சம்

அன்புள்ள செல்வம்,

உன் மகள் நியூஜெர்சி மாநிலத்து எடிசன் நகருக்குக் குடிபோகிறாள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் ‘நியூயார்க்குக்குப் பக்கத்து ஊர்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நியூஜெர்சிக்கென்று சொந்தப் பெருமைகள் ஏராளம்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவன் நீ. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஒரு நகரத்தின் குடிநீர் முழுவதற்கும் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது அங்குள்ள ஜெர்சி சிட்டி நகருக்காகத்தான். பூன்டன் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை என்று நகராட்சிக்கும் தனியார் கம்பெனிக்கும் வழக்கு. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் சாக்கடை கட்டுவதற்குப் பதிலாக, குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரே போதும் என்றார் கம்பெனியின் ஆலோசகரான டாக்டர் ஜான் லீல். ஜார்ஜ் ஃபுல்லர் 99 நாளில் நிலையத்தை அமைத்தார். 1908 செப்டம்பர் 26 முதல் நாளுக்கு 4 கோடி காலன் தண்ணீரில் மருந்து கலந்தது. பவுடரைக் கரைத்து, நன்றாக நீர்க்கவைத்து, மட்டம் மாறாத தொட்டியிலிருந்து அளவான துளை வழியாக விட்டார்கள். மட்டம் ஏறி இறங்கினால் மருந்தின் அளவும் ஏறி இறங்கும் என்று உனக்கா சொல்லவேண்டும்? ‘குடிக்கிற தண்ணீரில் ரசாயனமா’ என்ற அச்சம் பரவலாக இருந்த காலம் அது. லீல் யாரிடமும் அனுமதி கேட்காமலே இதைச் செய்தார். 1910இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எத்தனை உயிர்களைக் காத்த துணிச்சல்!

காருக்குள் உட்கார்ந்தே சினிமா பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரும் அங்கே பிறந்ததுதான். 1933 ஜூன் 6, கேம்டன் அருகே ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் திறந்தார். கார்களை வரிசையாக நிறுத்தினால் முன்வண்டியின் கூரை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். முன்சக்கரங்கள் மேடேறி நிற்கும்படி ஒவ்வொரு வரிசைக்கும் சாய்வான மண்மேடு அமைத்தார்; மறைப்பு போயிற்று. ஒலிதான் தகராறு. ஒலிபெருக்கிகள் திரையருகே இருந்ததால் கடைசி வரிசைக்குச் சத்தம் தாமதமாக வந்தது, அக்கம்பக்கத்துக்காரர்களுக்கோ தூக்கம் கெட்டது. காருக்கொரு சிறு ஒலிபெருக்கி பரவலானது 1940களில்தான்.

மனத்தை வருத்தும் செய்தியும் ஒன்று உண்டு. நியூஜெர்சியின் 1776 அரசியல் சட்டம், 50 பவுன் சொத்துள்ள ‘குடியிருப்போர் அனைவருக்கும்’ வாக்கு என்றது. மணமான பெண்ணின் சொத்து கணவனுடையதாகிவிடும் என்பதால் மணமாகாத பெண்களும் விதவைகளும் வாக்களித்தார்கள், கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள். 1807இல் சட்டம் போட்டு அதைப் பறித்துவிட்டார்கள். கொடுத்த உரிமையைப் பிடுங்குவது கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமை என்றே எனக்குப் படுகிறது.

மகளிடம் இரண்டு விஷயம் சொல். பெட்ரோல் பங்கில் தானே இறங்கிப் போடக்கூடாது. 1949 முதல் அங்கே ஊழியர்தான் நிரப்பவேண்டும். இன்னொன்று, மென்லோ பார்க் அவள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் ஃபோனோகிராஃபையும் 1879இல் நீடித்து எரியும் பல்பையும் செய்த இடம். ஆய்வுக்கூடத்தைத் தேடினால் ஏமாந்துபோவாள். ஹென்றி ஃபோர்டு அதை மிச்சிகனில் தன் அருங்காட்சியக வளாகத்தில் எழுப்பிவிட்டார். மென்லோ பார்க்கில் இருப்பது நினைவுக் கோபுரமும் சிறு அருங்காட்சியகமும்தான். எடிசன் பிற்காலத்தில் வேலைசெய்த கூடத்தை அப்படியே பார்க்க வெஸ்ட் ஆரஞ்சுக்குப் போகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்